புது இண்டர்கூலர் போட்டதும் காணாமல் போன பூஸ்ட்: மலை ஏறும்போது மட்டும் வந்த ஒரு கசிவு

பின்னணி

கோயம்புத்தூரில் நாங்கள் நடத்தும் சிறிய பட்டறையில் நடந்தது இது. வண்டி 2016 மாடல், 1.5 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக். மேனுவல் கியர், முன்சக்கர இழுவை, குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின், சிறகுகள் திரும்பும் வகை டர்போ. இன்ஜினின் புகைக்காற்றால் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அழுத்தியதில் சூடாகும் காற்றை இன்ஜினுக்குப் போகுமுன் குளிர்விப்பது இண்டர்கூலர். எங்களிடம் வந்தபோது 94,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கார் கம்பெனியின் பெயரும் இண்டர்கூலர் கிட்டின் பெயரும் இங்கே தேவையில்லை. பெரும்பாலான தப்பு அதைப் பொருத்திய எங்கள் கையில்தான் இருந்தது.

உரிமையாளர் தேயிலை வியாபாரத்தில் இருப்பவர். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் போய் வருவார். இரண்டு வருடத்துக்கு முன்பே இன்ஜின் மென்பொருளை ரீமேப் செய்திருந்தார், அதாவது கூடுதல் இழுவைக்காக மாற்றி எழுதியிருந்தார். சமவெளியில் வண்டி நன்றாகத்தான் போகும். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்துப் பத்து நிமிடத்தில் இழுவை மந்தமாகிவிடும். ஸ்கேனரை மாட்டி ஒரு நாள் கூடவே போய்ப் பார்த்தோம். வெயில் நேரத்தில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு 74 டிகிரி வரை ஏறியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மலையில் வண்டி மணிக்கு முப்பது, நாற்பதில் ஊர்கிறது, முன்னாலிருந்து வீசும் காற்று குறைவு. டர்போவோ முழு மூச்சில் வேலை செய்கிறது. பழைய இண்டர்கூலர் கையடக்கமானது, பம்பரின் ஒரு மூலையில் ஒதுங்கி இருந்தது.

சூடான காற்று அடர்த்தி குறைந்த காற்று. அதே அழுத்தத்தில் 74 டிகிரியை 48 டிகிரிக்கு இறக்கினால், கெல்வினில் கணக்குப் போட்டால் 347க்கு 321, ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். இதை எதிர்பார்த்துத்தான் ரேடியேட்டருக்கு முன்னால் அகலமாக உட்காரும் பெரிய இண்டர்கூலரைப் போட முடிவு செய்தோம். வாரன்ட்டி முடிந்துபோன வண்டி. வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, இன்சூரன்ஸ் விஷயம் இரண்டையும் முன்கூட்டியே அவரிடம் பேசிவிட்டோம்.

மாற்றிய நாள்

பம்பரைக் கழற்றி, தாங்கிகளை அளந்து அடித்து, புது அலுமினியக் குழாய்களை வளைத்துப் பொருத்த ஒன்றரை நாள் ஆனது. மொத்தம் நான்கு இடத்தில் சிலிக்கான் ஹோஸ் இணைப்பு. இண்டர்கூலரின் இரண்டு பக்கமும் 60 மில்லிமீட்டர் முனை. அந்த முனைகள் வழவழப்பாக, நேராக வெட்டி விட்டபடி இருந்தன. ஹோஸ் கழன்று வராமல் தடுக்கும் பீடிங், அதாவது முனையைச் சுற்றிப் புடைத்திருக்கும் வளையம், இல்லை. கவனிக்காமல் விட்டோம் என்று சொல்ல முடியாது. பார்த்தோம், பேசினோம், "கிளிப் நல்லா இறுக்குனா போதும்" என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்றும் நடந்தது. புது சிலிக்கான் ஹோஸ் அலுமினியத்தின் மேல் லேசில் ஏறாது. வேலை செய்த பையன் விரலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைத் தொட்டு உள்பக்கம் தடவினான். ஹோஸ் சுலபமாக உள்ளே போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவிநாசி ரோட்டில் எட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். நெரிசல் நேரம், மூன்றாவது கியரில் ஒரே ஒரு முறைதான் நன்றாக மிதிக்க முடிந்தது. காற்றின் சூடு 46 டிகிரியைத் தாண்டவில்லை. திருப்தியோடு வண்டியைக் கொடுத்தோம்.

நான்காம் நாள்

பர்லியாறிலிருந்து போன். "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. பின்னாடி ஒரே கரும்புகை. செக் லைட்டும் எரியுது." ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். வண்டி பழையபடி ஓடத் தொடங்கியது, ஆனால் அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் படுத்துவிட்டது. இது தெரிந்த நடத்தைதான். இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்ட்டும் கிடைக்கும் பூஸ்ட்டும் குறிப்பிட்ட அளவுக்கு மேல், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் விலகி நின்றால் அது பாதுகாப்புக்காக டர்போவை ஒதுக்கி வைத்துவிடும். லிம்ப் மோடு என்பது இதைத்தான்.

வண்டி இறங்கி வந்ததும் ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு இருந்தது. பூஸ்ட் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்றோ சென்சார் போய்விட்டது என்றோ அது சொல்வதில்லை. இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் டர்போவுக்கு விலை விசாரிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீலாம்பூர் பக்கம் காலியான நேரத்தில் மூன்றாவது கியரில் லாக் எடுத்தோம், அதாவது ஓடும்போதே சென்சார் எண்களை ஸ்கேனரில் பதிவு செய்தோம். 2500 ஆர்பிஎம்மில் கேட்ட அழுத்தம் 2350 மில்லிபார், கிடைத்தது 1850. இரண்டுமே வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தம். டர்போ சிறகுகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த கட்டளை உச்சத்தில் முட்டி நின்றது. இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடினோம். அதே லாகில் நான்காவதாக ஒரு வரிசை இருந்தது. அது பின்னால் வரும்.

முதல் சோதனையும் அவசர முடிவும்

கைவைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. காற்றுக் கசிவுச் சோதனை செய்தோம். எங்களிடம் இருப்பது கடையிலேயே செய்த சாதனம்: ஒரு பிவிசி மூடி, அதன் நடுவில் துளை போட்டு மாட்டிய டியூப்லெஸ் டயர் வால்வு. டர்போவுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் குழாயில் அதைச் சொருகி, கிளிப் போட்டு, கம்ப்ரசரால் காற்றடிப்போம். இன்ஜினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாகச் சீல்களுக்குள் அழுத்தம் போய்விடுமோ என்ற பயத்தில் 0.5 பாரில் நிறுத்துவது எங்கள் வழக்கம்.

சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அழுத்த சென்சாரின் அடியில் நுரை வந்தது. புதுக் குழாயில் அந்தச் சென்சாரை நாங்கள்தான் மாற்றிப் பொருத்தியிருந்தோம். கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஓரத்தில் நசுங்கி, நகம் கீறிய மாதிரி ஒரு வெட்டு. புது ஓ-ரிங் போட்டோம். கையோடு எல்லா ஹோஸையும் சரிபார்த்து, எல்லாக் கிளிப்பையும் இன்னொரு சுற்று இறுக்கினோம்.

திரும்ப ஓட்டினால் கேட்டது 2350, கிடைத்தது 2310. பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தோம்: ஓ-ரிங் மாற்றியது, கிளிப்புகளை இறுக்கியது. எது பலன் கொடுத்தது என்று தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம். நகக்கீறல் அளவு வெட்டு 500 மில்லிபாரை விழுங்குமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நுரையைக் கண்ட சந்தோஷம்.

மறுபடியும் பர்லியாறு

ஒன்பது நாள் கழித்து அதே ஏற்றம், அதே புகை, அதே பிழைக் குறியீடு. இந்த முறை 0.5 பார் சோதனையில் ஒரு குமிழ்கூட வரவில்லை. சமவெளியில் மூன்றாவது, நான்காவது கியரில் எடுத்த லாக்கும் சுத்தம். ஆகவே கசிவு இல்லை என்று முடிவு கட்டினோம். இந்த முழு விவகாரத்திலும் பெரிய தவறு இதுதான். சோதனையில் கசியவில்லை என்பதும் ஓடும்போது கசியவில்லை என்பதும் வேறு வேறு.

கசிவு இல்லை என்று ஆனதும் சந்தேகம் டர்போ பக்கம் போனது. சிறகுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரில் கை வேக்குவம் பம்பை மாட்டிப் பார்த்தோம். தண்டு முழுத் தூரமும் தடங்கல் இல்லாமல் நகர்ந்தது, வேக்குவம் இறங்காமல் நின்றது. அது நல்ல பதில். ஆனால் அந்த வேக்குவத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு சூட்டில் மக்கர் செய்யலாம், மலையில் மட்டும் வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்று ஒரு வாதம் வைத்தோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சோலனாய்டை மாற்றினோம். உரிமையாளர் பணம் கொடுத்தார். நான்கு நாளில் வண்டி திரும்ப வந்தது.

அவர் கோபப்படவில்லை. "டர்போவே போயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை இல்லாத சங்கடம் அப்போதுதான் வந்தது. ஆமாம் என்று சொன்னால் அதற்கும் சரி என்றிருப்பார்.

பெரிய இண்டர்கூலர்தான் காரணமா

பட்டறைக்கு வந்துபோகும் நண்பர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். அதிகம் கேட்டது, "பெரிய கூலர் போட்டா காத்து நிரம்பவே நேரமாகும், பூஸ்ட் குறையத்தான் செய்யும்" என்பது. இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று கொள்ளளவு, மற்றொன்று கூலருக்குள் ஏற்படும் தடை.

கொள்ளளவைக் காகிதத்திலேயே தீர்த்துவிடலாம். புதுக் கூலரும் குழாய்களும் பழையதைவிட நான்கு லிட்டர் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். 2000 ஆர்பிஎம்மில் 1.5 லிட்டர் இன்ஜின் வினாடிக்கு 25 லிட்டர் அளவை இழுக்கிறது. பூஸ்ட்டில் அந்தக் காற்று இரண்டு மடங்கு அழுத்தப்பட்டது, ஆக டர்போ வெளியிலிருந்து உறிஞ்சுவது வினாடிக்குச் சுமார் 50 லிட்டர். கூடுதல் நான்கு லிட்டர் இடத்தை நிரப்ப ஏறக்குறைய ஐந்து லிட்டர் வெளிக்காற்று போதும். பத்தில் ஒரு வினாடி சமாச்சாரம். காலை மிதித்ததும் ஒரு சின்னத் தயக்கம் தெரியலாம். நிமிடக் கணக்கில் அழுத்தம் குறைந்தே இருப்பதற்கு இது காரணமாக முடியாது.

தடையை அளந்துதான் பார்க்க வேண்டும். கூலருக்கு முன்னால் ஒரு டி-இணைப்பு, பின்னால் ஒன்று, இரண்டிலிருந்தும் மெல்லிய குழாய் இழுத்து கேபினுக்குள் அழுத்தம் காட்டும் மீட்டர் இரண்டு. ஏற்றத்துக்கே போய்ப் பார்த்தோம். கூலருக்கு முன்னால் 1950 மில்லிபார், பின்னால் 1840. வித்தியாசம் 110. நல்ல கூலருக்கு இது சாதாரணம். அடைப்பு இருந்தால் முன்னால் அழுத்தம் எகிறி நிற்க வேண்டும், பின்னால் மட்டும் குறைய வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் குறைவு. கூலர் மேல் இருந்த பழி நீங்கியது. ஆனால் டர்போ காற்றைத் தள்ளவில்லையா, தள்ளிய காற்று வழியில் போய்விடுகிறதா என்ற கேள்வி அப்படியே நின்றது.

நான்காவது வரிசை

இதற்குப் பதில் முதல் நாள் லாகிலேயே இருந்தது. அன்று இரவு கடையை அடைத்த பிறகு அதைத் திறந்தேன். எம்ஏஎஃப் சென்சார், அதாவது ஏர் ஃபில்டரை ஒட்டி உட்கார்ந்து உள்ளே போகும் காற்றின் எடையைச் சொல்லும் சென்சார், ஒரு ஸ்ட்ரோக்குக்கு 790 மில்லிகிராம் காட்டியிருந்தது.

இப்போது சிலிண்டர் பக்கத்திலிருந்து கணக்கு. ஒரு சிலிண்டர் 374.5 சிசி. அழுத்தம் 1850 மில்லிபார், காற்றின் சூடு 50 டிகிரி. இந்த நிலையில் அந்த இடத்தை முழுமையாக நிரப்பும் காற்று 747 மில்லிகிராம். எந்த இன்ஜினும் நூறு சதவீதம் நிரம்பாது. இந்த வண்டியின் பழைய, நல்ல லாகுகளில் 87 சதவீதம் வந்திருந்தது. அப்படியானால் சிலிண்டருக்குள் போனது 650 மில்லிகிராம். முழு மிதியில் ஈஜிஆர், அதாவது புகைக்காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் வால்வு, மூடியிருக்கும், அதனால் அந்தப் பக்கத்துக் குழப்பம் இல்லை.

வாசலில் எண்ணியது 790, வீட்டுக்குள் இருப்பது 650. மீதி 140 எங்கே?

டர்போ சோம்பலாக இருந்தால், சோலனாய்டு கோளாறாக இருந்தால், வாசலிலேயே எண்ணிக்கை குறைந்திருக்கும். இங்கே டர்போ தன் வேலையை ஒழுங்காகச் செய்து, கூடுதலாகவே காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. கரும்புகையும் அப்போது விளங்கியது. 790 மில்லிகிராம் காற்று வருகிறது என்று நம்பி கம்ப்யூட்டர் டீசலை அளந்து ஊற்றுகிறது, எரிக்க இருப்பதோ 650.

கூடவே ஓட்டையின் அளவையும் போட்டுப் பார்த்தேன். 2500 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 83 ஸ்ட்ரோக், ஆக வினாடிக்குக் கிட்டத்தட்ட 12 கிராம் காற்று வெளியே போகிறது. அந்த அழுத்தத்தில் அவ்வளவு காற்று தப்பிக்க 6 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை வேண்டும். பென்சில் மொத்தம். ஓ-ரிங்கில் இருந்த கீறலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இவ்வளவு பெரிய துளையை நாங்கள் இரண்டு முறை சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேடியும் பார்க்கவில்லை என்றால், நாங்கள் தேடியபோது அது அங்கே இல்லை.

பவுடர்

மறுநாள் முதலில் சோதனை அழுத்தத்தை ஏற்றினோம். பிரீதர் குழாயைக் கழற்றித் தனியே அடைத்து, பிவிசி மூடி பறந்துவிடாமல் பட்டை போட்டுக் கட்டி, யாரும் அதன் நேர் எதிரே நிற்காமல், 1.2 பார் வரை கொண்டுபோனோம். இந்த அழுத்தத்தில் ஒரு மூடி கழன்றால் முகத்தைப் பெயர்த்துவிடும், விளையாட்டில்லை. திறந்திருக்கும் வால்வுகள் வழியாக வரும் மெல்லிய சீற்றம் தவிர வேறு எதுவும் இல்லை. நுரை இல்லை.

அப்போதுதான் பையன் சொன்னான்: "அண்ணா, வண்டி நிக்கும்போது லீக் இல்ல. ஓடும்போது என்ன மாறுதுன்னு பாக்கலாம்." பக்கத்துக் கடையில் ஒரு டப்பா முகப்பவுடர் வாங்கி வந்தோம். எட்டு ஹோஸ் முனைகளையும் துடைத்து, சுற்றிலும் பவுடரைத் தூவினோம். ஒவ்வொரு ஹோஸின் விளிம்பும் குழாயில் முடியும் இடத்தில் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. அடியில் இருக்கும் தட்டையும் மாட்டினோம், இல்லாவிட்டால் ரோட்டுக் காற்றே பவுடரை அள்ளிக்கொண்டு போய்விடும். விடிகாலை ஐந்தரைக்குக் கல்லாறு. இரண்டாவது கியரில் நான்கு கிலோமீட்டர் ஏற்றம். லைட் எரிந்ததும் நிறுத்தித் திருப்பிக் கொண்டுவந்தோம்.

பட்டறையில் தூக்கிப் பார்த்தால் ஏழு முனைகளில் பவுடர் லேசாக உதிர்ந்ததோடு சரி. எட்டாவது, கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குளிர்பக்க முனை. அதன் கீழ்ப்பாதியில் பவுடரே இல்லை. விசிறி விரித்த மாதிரி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. விசிறியின் ஓரத்தில் ஆயில் ஈரத்தோடு கறுப்பாகத் தூசி. வெள்ளைக் கோட்டிலிருந்து ஹோஸ் விளிம்பு 6 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது.

உறுதி செய்ய ஒன்று மீதி இருந்தது. மறுபடி 1 பார் ஏற்றிவிட்டு, நீளமான கடப்பாரையை மரக்கட்டை வைத்து இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, மேல்பகுதியை டாஷ்போர்டு பக்கமாக நெம்பினோம். "புஸ்ஸ்" என்று ஹோஸின் அடிப்பக்கம் வாய் திறந்தது. கடப்பாரையை விட்டதும் மூடிக்கொண்டது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அப்படியே.

ஏன் மலையில் மட்டும்

குறுக்குவாட்டு இன்ஜின் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது, அதே முறுக்கு அதன் உடலைப் பின்னோக்கிச் சாய்க்கும். சாய்வின் அளவு சக்கரத்துக்குப் போகும் முறுக்கைப் பொறுத்தது, ஆகவே கியரைப் பொறுத்தது. நான்காவது கியரைவிட இரண்டாவது கியரில் அது இரண்டு மடங்குக்கும் மேல். சமவெளியில் நாங்கள் லாக் எடுத்ததெல்லாம் மூன்றிலும் நான்கிலும். அவர் மலையில் ஓட்டுவது இரண்டில். முதல் முறை மட்டும் சமவெளி லாகிலேயே குறை தெரிந்தது. அன்றைக்கு ஹோஸ் ஏற்கெனவே நன்றாக நழுவியிருந்தது. நாங்கள் உள்ளே தள்ளி இறுக்கியதும், அது மறுபடி நழுவ ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது.

இன்ஜினின் அடியில் அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட்டின் ரப்பர் பாதி கிழிந்திருந்தது. 94,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது எதிர்பார்க்கக் கூடியதுதான். கூலர் வண்டியின் சட்டத்தில் அசையாமல் நிற்கிறது, குழாயின் மறுமுனை ஆடும் இன்ஜினில். நடுவில் நெளிந்துகொடுக்க எதுவும் இல்லை. பழைய ரப்பர்க் குழாயில் மடிப்பு மடிப்பாக ஒரு பகுதி இருந்தது. அதை எடுத்துவிட்டு விறைப்பான அலுமினியக் குழாயைப் போட்டது நாங்கள். பீடிங் இல்லாத முனை, உள்ளே ஆயில், பட்டையில் வரி வெட்டிய சாதாரண கிளிப். கழற்றிப் பார்த்தபோது சிலிக்கான் அந்த வரிகளுக்குள் பிதுங்கி, சீவிய தேங்காய் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் கிளிப்பை இன்னும் இறுக்கினால் இன்னும் வெட்டும், அவ்வளவுதான்.

இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும்.

சரிசெய்த விதம்

கூலரை இறக்கி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், இரண்டு முனைகளிலும் டிக் வெல்டிங்கால் சுற்றி ஒரு மேடு போட்டு, அரம் போட்டு வழவழப்பாக்கினோம். துகள் உள்ளே போகாமல் முனைகளில் துணி அடைத்திருந்தாலும், திரும்ப மாட்டுமுன் கூலரை இரண்டு முறை கழுவி உலர்த்தினோம். ஒரு அலுமினியத் துகள் போதும் இன்ஜினைக் கெடுக்க.

குளிர்பக்கத்தில் நடுவே உப்பிய வளையம் உள்ள சிலிக்கான் ஹோஸ் போட்டோம், இன்ஜின் ஆடும்போது அது நெளிந்துகொடுக்கும். குழாயின் நடுப்பகுதிக்கு ரப்பர் புஷ் வைத்த ஒரு தாங்கி. எட்டு முனையிலும் ஸ்பிரிங் வைத்த டி-போல்ட் கிளிப். சூட்டில் ஹோஸ் விரிந்து சுருங்கினாலும் இறுக்கம் மாறாமல் நிற்பது அதன் வேலை. அலுமினியத்தையும் ஹோஸின் உள்பக்கத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அந்த ஈரம் காய்வதற்குள் ஏற்றினோம். ஆயில் தொடவில்லை. கீழ் மவுண்ட் புதிது.

டர்போவையும் பார்க்க வேண்டியிருந்தது. கசிவோடு ஓடிய நாட்களில் அது தேவைக்கு மேல் சுற்றியிருக்கும். முன்குழாயைக் கழற்றித் தண்டை அசைத்துப் பார்த்தோம். ஆட்டம் அளவுக்குள் இருந்தது, பிளேடு நுனிகளில் உரசல் இல்லை. இந்த வண்டியில் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, கிடையாது. இருந்திருந்தால் இத்தனை நாள் புகைக்கு அதுவும் அடைத்துக்கொண்டிருக்கும்.

அதன் பிறகு

அதே ஏற்றம், அதே இரண்டாவது கியர், 2500 ஆர்பிஎம். கேட்டது 2300, கிடைத்தது 2270. எம்ஏஎஃப் 805. சிலிண்டர் கணக்கு 798. இரண்டு எண்ணும் கைகோத்துவிட்டன. காற்றின் சூடு 52க்கு மேல் போகவில்லை. கூலர் போட்டதற்கான பலன் அப்போதுதான் கிடைத்தது.

ஒரு வாரத்தில் மறுபடி போன். "குன்னூர் கிட்ட போனா ஆப்புல பூஸ்ட் 0.2 கம்மியா காட்டுதுங்கண்ணா." பயந்துதான் போனேன். ஆனால் புகை இல்லை, லைட் இல்லை, இழுவையும் குறையவில்லை. அவர் போனில் வைத்திருந்த ஆப், முழு அழுத்தத்திலிருந்து கடல்மட்ட அளவான 1013ஐ நிரந்தரமாகக் கழித்துப் பூஸ்ட் என்று காட்டுகிறது. கோவையில் வெளிக்காற்று சுமார் 965 மில்லிபார், 1850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் சுமார் 810. அங்கே அதே முழு அழுத்தத்தைக் கொடுக்க டர்போ கூடுதல் வேகத்தில் சுற்ற வேண்டும், அதனால் அது எல்லை மீறாமலிருக்கக் கம்ப்யூட்டரே கேட்கும் அளவைக் குறைத்துக்கொள்கிறது. கேட்டதையும் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

சோலனாய்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மவுண்ட்டுக்கு மட்டும் விலை வாங்கினோம். ஐந்து மாதம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. போன சர்வீஸில் பார்த்தபோது வெள்ளைக் கோடு ஹோஸ் விளிம்பை ஒட்டியே இருந்தது.

இனி மாற்றிச் செய்வது

பீடிங் இல்லாத கூலரை இனி லேத்துக்குப் போகாமல் மாட்டுவதில்லை. ஹோஸ் ஏற்ற ஆயில் இல்லை. பூஸ்ட் குழாயைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் கீழ் மவுண்ட்டைக் கடப்பாரை வைத்து ஆட்டிப் பார்ப்போம், ஐந்து நிமிட வேலை. கசிவுச் சோதனை வண்டி உண்மையில் கொடுக்கும் பூஸ்ட் அளவில்தான், அதுவும் இன்ஜினை இரண்டு பக்கமும் நெம்பியபடி. பூஸ்ட் குறைவு என்று வரும் லாகில் எம்ஏஎஃப் வரிசையைப் பார்க்காமல் ஒரு பாகத்துக்கும் விலை சொல்லக் கூடாது என்று சுவரிலேயே எழுதிவிட்டோம். ஓட்டிப் பார்ப்பது வாடிக்கையாளர் ஓட்டும் ரோட்டில், அவர் ஓட்டும் கியரில். அவிநாசி ரோடு நெரிசலில் எட்டு கிலோமீட்டர் என்பது ஓட்டிப் பார்த்ததாகவே ஆகாது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதை மட்டும் எழுதி வைக்கவில்லை. வாடிக்கையாளர் முன்னால் காத்திருக்கும்போது கை தானாக அடுத்த கிளிப்புக்குப் போகிறது. அதை இன்னும் பழக வேண்டியிருக்கிறது.

இதே கூலரை அதே மாதிரி பொருத்திய வேறு இரண்டு வண்டிகள் எங்கள் நோட்டில் இருந்தன. இருவரையும் போனில் கூப்பிட்டோம். ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது. மற்றதன் உரிமையாளர் திருப்பூரில்தான் ஓட்டுகிறார், ஏற்றமே பார்க்காத வண்டி, ஒரு குறையும் இல்லை என்று சொன்னார். பம்பரைக் கழற்றிப் பார்த்தோம். குளிர்பக்க ஹோஸ் 4 மில்லிமீட்டர் நழுவியிருந்தது.